டொபிக்கு ஒரு துணை

அக்கா,

சென்ற மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் நான்காம் மாடி வீட்டில், வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு தீர்மானம் நிறைவேறியது. இந்த வீட்டுக்கு இரண்டாவது நாய் ஒன்று கொண்டுவரப்படும். கூட்டத்துக்கு இருவர் சமுகமளித்திருந்தோம். நான் பிரேரித்தேன். டொபி உங்கள் சாம்பல் நிறக் கம்பளிக் காடிகனுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தான். எதிர்ப்பு எதையும் தெரிவிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியதென்று எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்பு எடுக்கப்பட்ட முக்கியமான தீர்மானங்களும் இப்படித்தான் நிறைவேறின. அப்போது பேசாமல் படுத்திருந்தது நான்.

அந்தக் காடிகனை அன்று காலை தோய்ப்பதற்கென்றுதான் எடுத்தேன். கண்டிக் குளிருக்கு நீங்கள் வாங்கியது. வெள்ளவத்தைப் புழுக்கத்திலும் கழற்ற மறுத்தது. வாளிக்குள் போடும் முன் ஒருமுறை மூக்கில் வைத்துப் பார்த்தேன். யூக்கலிப்டஸ் எண்ணெய், பவுடர், அதற்குக் கீழே நீங்கள். நிமிர்ந்தபோது டொபி குளியலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே சொத்துக்கு இரண்டு பேர் உரிமை கோரும்போது, அனுபவித்து வருபவர் பக்கம்தான் சட்டம் சாயும். அவன் அதன் மேல் பல மாதங்களாகப் படுத்து வருகிறான். நான் அதைத் தோய்க்காமல் அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் சாப்பிடுவதில்லை அக்கா. நீங்கள் போன பிறகு முதலில் பாதியாகக் குறைத்தான். பிறகு ஈரலைக்கூட முகர்ந்துவிட்டுத் தள்ளினான். பொமரேனியன் என்று சொல்லி உங்களுக்குத் தந்தார்கள். மயிரைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே ஒரு அணில் அளவுதான் மிஞ்சியிருந்தது. தீர்மானத்துக்கு முதல் நாள், திங்கட்கிழமை, அவனைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். இளம் சிங்களப் பெண். என்னோடு ஆங்கிலத்திலும், உதவியாளரோடு சிங்களத்திலும், டொபியோடு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியிலும் பேசினாள். அவன் வயிற்றை அமத்தினாள், பல்லைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டாள்.

“நான் இருக்கிறேன்,” என்றேன்.

“அது சரி,” என்றாள். “துணைக்கு?”

அவன் அப்போது என் மடியில்தான் இருந்தான். என் சேலை முழுக்க அவனுடைய மயிர். அவள் மிகவும் நல்ல பெண். புண்படுத்தும் நோக்கம் கொஞ்சமும் கிடையாது. இன்னொரு சின்ன நாயை எடுங்கள், ஒரு துணை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினாள்.

இதை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பேன்.

தெமட்டகொடையில் அப்பாவின் ரயில்வே குவாட்டர்ஸை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா தேத்தண்ணி கொடுப்பா. அவர்கள் தேத்தண்ணியைக் குடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பார்கள். உடனே அம்மா விளக்கம் சொல்லுவா. “மூத்தவள் தனியப் படுக்கப் பயப்பிடுவாள். அதுதான் அவளுக்கொரு துணைக்கெண்டு இவளைப் பெத்தனான்.” தையல் மெஷின் ஏன் வாங்கினோம் என்று சொல்வதுபோல, இயல்பாக, ஒரு பெருமையோடுகூடச் சொல்லுவா. வந்தவர்கள் என்னைத் திருப்தியோடு பார்ப்பார்கள். வாங்கிய பொருள் நன்றாக வேலை செய்கிறது என்பதுபோல.

நானும் வேலை செய்தேன். கட்டில் உங்களுக்கு. கட்டிலுக்குக் கீழே பாய் எனக்கு. விளக்கை அணைத்ததும் உங்கள் கை கட்டில் ஓரத்தால் கீழே தொங்கும். நீங்கள் நித்திரையாகும்வரை நான் அதைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குக் கை மேலே, உடம்பு கீழே. விரல் நுனிகள் விறைத்துப் போகும்.

“பிடிச்சிருக்கிறியா?”

“ஓம்.”

“விட்டிடாதை.”

நீங்கள் என்னை ‘நீ’ என்றீர்கள். நான் உங்களை ‘நீங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மூன்று வயது வித்தியாசத்துக்கு அது அதிகம் என்று எனக்கு அப்போதே பட்டது. இன்றும் இந்த மடலில்கூட என்னால் மாற்ற முடியவில்லை, பாருங்கள்.

பிறகு நான் நிறைய வாசித்தேன். சரித்திரப் புத்தகங்களில் இரண்டாவது பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. மூத்தவரைக் கொல்லலாம், அல்லது துறவு பூணலாம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நீங்கள் கலியாணம் செய்து கண்டிக்குப் போனீர்கள். கட்டில் எனக்கு வந்தது. அதில் படுத்தால் நித்திரை வரவில்லை என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. வெற்றி பெற்றவர்கள் இப்படிப்பட்ட விஷயங்களை வெளியில் விடுவதில்லை. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நான் இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தேன். காலையில் பஸ், பகலில் நூலகம், மாலையில் யன்னலோரக் கதிரை, கீழே ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடிக்குள் அதிரும் கோப்பைகள். தனியாக இருப்பது ஒரு கலை என்றால் அதில் நான் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேறியிருந்தேன். கேட்க ஆள் இல்லை என்பது அந்தக் கலையின் ஒரே குறை.

நான் ஓய்வுபெற்றேன். அத்தான் போன பிறகு நீங்கள் வந்தீர்கள். இரண்டு பெட்டி, உயரமான கண்டிக் கட்டில், இந்தக் காடிகன். பக்கத்து வீட்டுப் பரமேஸ் வாசலில் நின்று, “இனி உமக்கும் ஒரு துணை,” என்று என்னிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடல் தெரியும் முன்னறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். சரக்குக்கறிக்கு மிளகு குறைத்தேன். நீங்கள் மத்தியானம் வானொலி கேட்பீர்கள் என்பதால் என் வாசிப்பைக் காலைக்கு மாற்றினேன். ஒருமாதிரிச் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாருக்கும் சொல்லப் போவதில்லை.

இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஒரு பின்னேரம் பரமேஸ் வந்திருந்தாள். நீங்கள் இருவரும் ஹோலில் இருந்து கதைத்தீர்கள். நான் குசினியில் பயித்தங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குசினிக்குக் கதவு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

“தனிய இருக்கேலாமல் கிடக்கு பரமேஸ்,” என்றீர்கள். “துணைக்கொரு நாய்க்குட்டி எடுப்பமெண்டு யோசிக்கிறன்.”

அன்றைக்குப் பயித்தங்காய் வழமையைவிடச் சிறிதாக வெட்டுப்பட்டது. சாப்பிடும்போது நீங்கள்கூடச் சொன்னீர்கள், இப்படி வெட்டினால் ருசி நல்லாயிருக்கு என்று.

அப்படித்தான் டொபி வந்தான். வந்த அன்று நீங்கள் தரையில் இருந்து, இரண்டு கையையும் நீட்டி, “வாங்கோ ராசா, வாங்கோ,” என்றீர்கள். அவன் சாப்பிட மறுத்தால், “கொஞ்சம் சாப்பிடுங்கோவன்.” அவன் விரிப்பில் மூத்திரம் பெய்தால், “என்ன ராசா செய்தனீங்கள்?” அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, “இஞ்ச, அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வா.” அறுபது வயதைத் தாண்டியும் உங்கள் வாயிலிருந்து ஒரு ‘வாங்கோ’ எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், நாய்க்கு எதற்கு இந்த மரியாதை என்று.

“வாய் பேசாத சீவன். மரியாதையாவது குடுப்பம்.”

“நானும் பேசாமல்தானே இருக்கிறன்.”

“நீயோ?” என்று கேட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் வானொலி கேட்கவில்லை. டொபியும் சேர்ந்து குரைத்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. உங்கள் பக்கம் நிற்பது ஒன்றே அவன் கொள்கை.

பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடக்கப் போவோம். வலது பக்கம் அவன், நடுவில் நீங்கள், இடது பக்கம் நானும் அவனுடைய தண்ணீர்ப் போத்தலும். எதிரே வருகிறவர்கள் முதலில் அவனுக்கு வணக்கம் சொல்வார்கள். பிறகு உங்களுக்கு. சிலர் போத்தலையும் கவனித்தார்கள்.

உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தேன். நான் வாசலில் தெரிந்ததுமே நீங்கள் கேட்பது, “டொபி சாப்பிட்டவனோ?” சாப்பிட்டான் என்பேன். அடுத்த நாளும் அதே கேள்வி. ஒரு நாள் நான், “நானும் சாப்பிட்டனான்,” என்றேன். நீங்கள் தலையணையில் என் பக்கம் திரும்பினீர்கள்.

“நீ சாப்பிடுவாய் எண்டு எனக்குத் தெரியும்தானே.”

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. கடைசி நாள் நீங்கள் எதையும் கேட்கவில்லை. டொபியைப் பற்றியும் கேட்கவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். உங்கள் கை ஓரத்தால் தொங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். கதிரை கட்டிலை விடத் தாழ்வு, பழைய கோணம்தான்.

செத்த வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். உங்கள் கதிரைக்குக் கீழே டொபி காடிகன் மேல் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு அழுதார்கள். “பாவம், அது இனி என்ன செய்யும்?” என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கண்டியிலிருந்து வந்த அத்தானின் தங்கை அவனைத் தூக்கி மடியில் வைத்து ஆறுதல் சொன்னாள். நான் வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தேன். பரமேஸ் குசினிக்குள் வந்து என் தோளில் கை வைத்து, “உமக்கென்ன, நீர் தனிய இருந்து பழகினனீர்தானே,” என்றாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லாரும் போன பிறகு நான் டொபியைப் பார்த்தேன். அவன் லிஃப்டுக்குப் போகும் கதவைப் பார்த்தான். இந்த வீட்டில் துக்கம் கொண்டாடும் உரிமை யாருடையது என்பது சபையோர் முன்னிலையில் முடிவாகியிருந்தது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது நாயைப் பற்றிப் பரமேஸிடம் சொன்னது நான்தான். அவள் இந்த ஒழுங்கையில் எத்தனையோ கலியாணங்களைப் பொருத்தி வைத்தவள். இப்போது பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் தாங்களே பொருத்திக்கொள்வதால் கை சும்மா இருந்தது. விஷயத்தை அப்படியே தன் கையில் எடுத்துக்கொண்டாள். டொபியின் வயது கேட்டாள். குணம் கேட்டாள். ஏதும் வருத்தம் இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு தெரியவந்தால் தனக்குத்தான் பேச்சு என்றாள். ஆளைப் பார்க்கப் போகும்போது டொபியும் வர வேண்டும் என்றாள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் தாய்மார் மட்டும் போய்ப் பார்த்ததால் வந்த வினைகளுக்கு உதாரணங்களும் சொன்னாள்.

முதலில் கல்கிசை. ஒன்பதாம் மாடி, ஆங்கிலம் மட்டும் பேசும் ஒரு அம்மா, தோளில் தொங்கும் காதுகளோடு ஒரு வெள்ளை நாய். நாயின் தாய், தகப்பன், பாட்டன் எல்லாருடைய பெயரையும் சொன்னார். எங்கள் பக்கத்தைக் கேட்டார். டொபியின் தகப்பன் யார் என்பது டொபியின் தாய்க்கே நிச்சயமில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொபியை இறக்கிவிட்டோம். அவன் காடிகன் மேல் படுத்துக் கூரையைப் பார்த்தான். வெள்ளை நாயும் கூரையைப் பார்த்தது. எங்களுக்குக் குளிர்பானம் தந்து அனுப்பினார்கள். லிஃப்டில் பரமேஸ், “பெரிய இடம். எங்களுக்குச் சரிவராது,” என்றாள். எத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த வசனத்தைக் கேட்டேன்.

அடுத்தது கொட்டாஞ்சேனை. கோயில் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு ஒடுக்கமான வீடு. வீட்டுக்காரி பிலோமினா, எங்கள் வயதுதான். இத்தாலியில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறாள். வாசல் அறை முழுக்கத் திறந்த சூட்கேஸ்கள். அவற்றின் நடுவில், எதிலும் தன்னை அடுக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்ட முகத்தோடு, ரோசி படுத்திருந்தாள். பழுப்பு நிறம். உடம்பு பேக்கரிப் பாண் ஒரு றாத்தலை இழுத்து நீட்டியதுபோல. கால்கள் கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து வைத்ததுபோல.

டொபி பரமேஸின் மடியில் இருந்தான். காடிகன் இல்லாமல் அவன் ஓட்டோவில் ஏற மாட்டான் என்பதால் அதையும் கொண்டுபோயிருந்தேன். கல்கிசை அனுபவத்துக்குப் பிறகு, பிறத்தியார் வீட்டில் அதை விரிக்க வேண்டாம் என்று துணிப் பையில் மடித்து மடியில் வைத்திருந்தேன். பிலோமினா தேத்தண்ணி கொண்டுவந்தாள். பரமேஸ் வழமையான கேள்விகளைத் தொடங்கினாள். வயது என்ன, குணம் என்ன.

“குணத்துக்குக் கொறயில்ல மிஸ்,” என்றாள் பிலோமினா. “எங்கட மூத்த நாய்க்குத் துணைக்குத்தான் இத எடுத்தது. மூத்தது போன வருஷம் போயிட்டு. அதுக்குப் பொறகு இது சும்மா கெடக்கு. என்ன செய்யிறதுன்னு இதுக்கே தெரியல்ல.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ரோசி எழும்பினாள். டொபியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பரமேஸைப் பார்க்கவில்லை. சூட்கேஸ்களுக்கு நடுவால், அந்தக் குட்டைக் கால்களோடு, நேரே என்னிடம் வந்து, தலையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வைத்து, மூச்சை இழுத்து விட்டாள். அக்கா, நான் அறுபத்து நான்கு வருடங்களாக இந்தக் கொழும்பில் இருக்கிறேன். ஒரு அறையில் மற்றவர்களும் இருக்கும்போது யாரும் என்னிடம் முதலில் வந்தது கிடையாது.

“பாத்தனீரே,” என்றாள் பரமேஸ், “உது டொபியைப் பாக்கேல்லை. உம்மைத்தான் பாக்குது. நாங்கள் வந்த காரியம் வேறை.”

“இதுதான்,” என்றேன்.

“டொபிக்குப் பிடிக்கவேணுமே?”

“பழகட்டும்.”

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு எல்லா மாப்பிள்ளைகளையும் பற்றிச் சொல்லப்பட்டது அதுதான் என்பதால் பரமேஸுக்கு மறுத்துப் பேச இடமிருக்கவில்லை. பிலோமினா ரோசியின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு சூட்கேஸ் ஒன்றை மூடுவதுபோல உள்ளே போய்விட்டாள். நாங்கள் வெளிக்கிடும்வரை வரவில்லை.

ஓட்டோ கோட்டையைக் கடந்து காலிமுகத்திடலுக்கு வந்தபோது கடற்காற்று அடித்தது. ரோசியின் தாடை என் மடியில், பையின் மேல். டொபி பரமேஸின் கையிலிருந்து என்னைப் பார்த்தான். நான் அவனை ஒரு ராணுவத் தளபதி பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தேன். உனக்கு ஒரு ஆள் இருந்தது, இப்போது எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்ற பார்வை. பின்னறையில் அவளுக்கு எந்த மூலை, எந்தக் கோப்பை, காலையில் வாசிக்கும்போது எந்தப் பக்கம் படுப்பாள் என்பதெல்லாம் பம்பலப்பிட்டிக்கு வரும் முன்பே முடிவாகிவிட்டது. இரண்டாவதாக வந்தவர்களுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. அவளுடைய காதுக்குள் மிக மெல்லிய குரலில், “வீட்டுக்கு வாங்கோ ரோசி,” என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் புதிதாக இருந்தது. பரமேஸுக்குக் கேட்டுவிட்டது, அவள் கடலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் பையைத் திறந்து காடிகனை எடுத்து, வழக்கம்போல உங்கள் கட்டிலில், டொபியின் இடத்தில் விரித்தேன். டொபி ஏறிப் படுத்தான். நான் ஹோலுக்கு வந்து என் கதிரையில் இருந்துகொண்டு, கையை நீட்டி, “வாங்கோ,” என்றேன்.

ரோசி உங்கள் அறைக்குள் போனாள்.

கட்டில் ஓரத்தில் முன்னங்கால்களை வைத்து நின்றாள். கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிக் காடிகனை மணந்தாள். அதே மூச்சு, இழுத்து, விட்டு. மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பி, மிகவும் பண்போடு என்னைப் பார்த்தாள். கொட்டாஞ்சேனையில் பார்த்திருக்கிறோமா என்ற பார்வை. பிறகு கட்டில் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் கையிலிருந்த வெறும் பையை மணந்து பார்த்தேன். யூக்கலிப்டஸ் எண்ணெய். பிலோமினாவின் வீட்டிலும் அந்த எண்ணெய்தான் மணந்தது என்று பரமேஸ் பிறகு சொன்னாள். கொழும்பில் எங்கள் வயதுப் பெண்களின் வீடுகள் எல்லாம் அப்படித்தான் மணக்குமாம். நான் அதைப் பூசுவதில்லை. உங்களுடையது எதையும் நான் தொடக்கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கியிருந்தீர்கள்.

பொறாமை என்பது உயிரோடு இருப்பவர்கள்மீது வருவது என்று நினைத்திருந்தேன். நீங்கள் போய் இத்தனை மாதங்களுக்குப் பிறகு, உங்களை ஒரு தடவையும் கண்டிராத ஒரு நாயை, கொட்டாஞ்சேனையிலிருந்து, என் மடியில் வைத்தே எடுத்துக்கொண்டீர்கள். ஒரு திறமைசாலியைத் திறமைசாலி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அன்று முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பின்னேரம்தான் ஒப்புக்கொண்டேன்.

வைத்தியர் சொன்னது சரி. டொபி அன்றைக்கே சாப்பிட்டான். ரோசி தனக்கு வைத்த சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட வந்ததைக் கண்டதும் கட்டிலிலிருந்து குதித்து வந்து, முதலில் அவளுடையதைச் சாப்பிட்டு, பிறகு தன்னுடையதையும் சாப்பிட்டான். ரோசி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இரண்டாம் முறை வைத்தேன். இப்போது அவன் உடம்பு தேறிவிட்டது. மரைன் டிரைவில் வலது பக்கம் அவன் போகிறான், அவனுக்குப் பின்னால் அவள். எதிரே வருகிறவர்கள் அவனைப் பார்த்து, “ஆ, இப்ப துணைக்கு ஆள் வந்திட்டுது,” என்கிறார்கள். ரோசி அப்போது தரையைப் பார்ப்பாள். நான் போத்தலைக் கொண்டுபோகிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கண்டிக் கட்டில் உயரம். ரோசிக்கு ஏறக் கால் எட்டாது. தூக்கி வைத்துப் பார்த்தேன். டொபி உறுமினான், அவள் தானாகவே இறங்கிவிட்டாள். ஆனால் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் அவன் விடுவதில்லை. கட்டில் ஓரத்தால் தலையைத் தொங்கப் போட்டு, கீழே அவள் இருக்கிறாளா என்று பார்ப்பான். இல்லாவிட்டால், அவள் திரும்பி வரும்வரை குரைப்பான். கீழ்மாடியில் இருந்து ஆள் வந்து முறைப்பாடும் சொல்லியாகிவிட்டது. அவளோ தரையில் தனியே படுக்க மாட்டாமல் அனுங்குகிறாள். ஆகவே பழைய பாயை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே விரித்து, அவள் அடங்கும்வரை பக்கத்தில் இருக்கலாம் என்று இருந்தேன். முதல் நாள் அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

எனக்கு வலது தோளில் ஒரு வலி இருக்கிறது அக்கா, உங்களுக்குச் சொன்னதில்லை. கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கத்தை விட வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். கட்டிலில் படுத்த இத்தனை வருடங்களிலும் அந்தக் கை மேலேதான் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிடிக்க எதுவும் இருக்கவில்லை. விடப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பழைய பாய் ஒற்றைப் பாய். ரோசி நீளமான நாய். நேற்று வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் அகலமான பாய் ஒன்று வாங்கி வந்தேன்.